மகள் வயலில் ஒற்றை நாற்று

கார்த்திகை மாதத்து வியாழக்கிழமை, காலை ஐந்தரை மணி. பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் தெரு அம்மன் கோயில் கதவு அப்போதுதான் திறந்தது. பூசாரி விளக்கேற்றும் வரை நின்று, குங்குமம் ஒரு பொட்டலம் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். "தாயே, என் பெண்ணைத் தலைகுனிய விட்டுவிடாதே. அவள் வயலின் புது அரிசியிலேயே உனக்குப் பொங்கல் வைக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டு கிளம்பினேன்.

விஷயம் இதுதான். என் மகள் ரேவதியைக் காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கொடுத்திருக்கிறோம். கிருஷ்ணகிரி அணையின் வாய்க்கால் பாயும் ஊர். அவர்களுக்கு மூன்று ஏக்கர் நெல் வயல் உண்டு. மாப்பிள்ளை குமரேசன் அமைதியான பிள்ளை. சம்பந்தியம்மா கோவிந்தம்மாள் அவ்வளவு அமைதி கிடையாது. கணவர் போன பிறகு மூன்று ஏக்கரையும் தன் சொல்லால் நடத்தி வருகிறவர்.

ரேவதி விவசாய அலுவலகத்தார் நடத்திய வயல் வகுப்புக்கு ஒரு நாள் போனாள். திரும்பி வந்து, ஒற்றை நாற்று நட்டுப் பார்க்கலாம் என்றாள். நாற்று முற்றும் முன்பே, இளசாகப் பிடுங்க வேண்டும். குத்துக்கு ஒன்றே ஒன்று, ஒரு சாணுக்கும் கொஞ்சம் அதிகமாக இடம் விட்டு, கயிறு பிடித்துச் சதுரமாக நட வேண்டும். தண்ணீரைத் தேக்கி வைக்காமல், மண் மயிரிழையாக வெடித்த பிறகு மறுபடி பாய்ச்ச வேண்டும். பெங்களூரில் பிறந்து வளர்ந்த பெண் இதைச் சொன்னால் ஊர் சும்மா இருக்குமா? கோவிந்தம்மாள் முடிவாகச் சொல்லிவிட்டார்: "ஒரு ஏக்கரா, ஒரு போகம், உன் பேச்சு. கம்மியா வந்தா, அப்புறம் வயல் விஷயத்துல நீ வாயே தொறக்கக் கூடாது."

அந்த ஒரு ஏக்கரின் அறுவடைக்குத்தான் நான் போனேன்.

அடுகோடிக்கு ஆட்டோ அறுபது ரூபாய். ஓட்டுநருக்கு என்னைத் தெரியும். அங்கே வண்டி சீட் தைக்கிற கடையில்தான் எனக்கு வேலை. அவர் ஆட்டோவின் பின்சீட்டும் நான் தைத்ததுதான்.

"காலங்காத்தால எங்கண்ணா? கையில பேக்கரி டப்பா வேற. பர்த்டேவா?"

"சம்பந்தி வீட்டுக்குத் தேங்கா தில்பசந்த். நெல் அறுப்புக்குப் போறேன்."

"நீயா? சீட்டு தைக்கிற ஊசியிலயா அறுக்கப் போறே?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். உண்மையில் அரிசியைக் கடையில் மூட்டையாகப் பார்த்தவன்தானே நான்.

ஓசூர் பஸ் ஆறே காலுக்குக் கிடைத்தது. மடிவாளா, பொம்மனஹள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி என்று எதிர்ச் சாரியில் பெங்களூருக்குள் வருகிற வண்டிகள் நின்று நின்று வந்தன. எங்கள் சாரி காலியாக இருந்தது. அத்திபெலே தாண்டி ஓசூர் சேர்ந்தபோது ஏழரை. பேருந்து நிலையத்தில் ஒரு டீ குடித்துவிட்டுக் கிருஷ்ணகிரி வண்டி பிடித்தேன். அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர். வானம் மூட்டமாகவே வந்தது. அறுப்பு நாளில் மழை ஆகாதே என்று ஜன்னல் வழியே மேகத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தேன்.

பக்கத்து சீட்டில் சூளகிரிக்காரர் ஒருவர். தக்காளி போடுகிறவர். மனசில் இருந்ததை அவரிடம் சொன்னேன்.

"ஒத்தை நாத்தா? எங்க மச்சான் போட்டாரு சார். நல்லாத்தான் வந்துச்சு. ஆனா களை பாருங்க, நாத்துக்கு நாத்து எடம் விட்டா அந்த எடத்துல களைதான் குடியிருக்கும். களைக்குன்னு உருட்டுற மிஷினைத் தள்ளித் தள்ளி மனுசனுக்கு இடுப்பே போச்சு. மறு வருசம் விட்டுட்டாரு."

"எங்க மாப்பிள்ளை தள்ளினாரே."

"புதுசா கட்டிக்கிட்ட பொண்டாட்டி சொன்னா மலையைக்கூடத் தள்ளுவாங்க சார்" என்று சொல்லிவிட்டு அவர் சூளகிரியில் இறங்கிக்கொண்டார்.

கிருஷ்ணகிரியில் டவுன் பஸ் மாறி, பன்னிரண்டு கிலோமீட்டர் போய்க் காவேரிப்பட்டணத்தில் இறங்கும்போது மணி ஒன்பதரை. மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளோடு நின்றிருந்தார்.

"மாமா, அறுப்பு மிஷின் மதியம்தான் வருது. அதுக்கு முன்னாடி அம்மா கையறுப்பு கொஞ்சம் வச்சிருக்காங்க."

"மழை வருமா மாப்பிள்ளை?"

"வராது மாமா. அம்மா வரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க" என்றார் சிரிக்காமல்.

வாய்க்கால் கரையோரமாக மூன்று கிலோமீட்டர். இரண்டு பக்கமும் நெல். நடுவில் தென்னை. வயலைக் கண்டதும் எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. எல்லாம் ஒரே மஞ்சளாகத் தெரிந்தது. ரேவதி ஓடி வந்து என் பையை வாங்கிக்கொண்டாள். முகம் கறுத்து, கை காய்த்திருந்தது. கண்ணில் தூக்கம் இல்லை.

"அப்பா, கோயிலுக்குப் போயிட்டு வந்தியா?"

குங்குமத்தைக் கொடுத்தேன். நெற்றியில் இட்டுக்கொண்டு மீதியை மாமியாரிடம் நீட்டினாள். கோவிந்தம்மாளும் வாங்கி இட்டுக்கொண்டார்.

"வாங்க சம்பந்தி. உங்க பொண்ணு நட்ட தோட்டத்தைப் பாருங்க. நட்ட புதுசுல பாத்திருக்கணும். வழியில போறவன் எல்லாம் நின்னு, 'என்ன குமரேசா, நாத்து தீந்துபோச்சா?'ன்னு கேட்டான். வழுக்கைத் தலையில முடி எண்ணுற மாதிரி இருந்துச்சு. சரி, தண்ணியாவது கட்டலாம்னா, வெடிக்கட்டும்கிறா. வாய்க்கால்ல தண்ணி ஓடுது, என் வயலு வெடிக்குது. எனக்குச் சோறு எறங்குமா சொல்லுங்க?"

"ராத்திரி ரெண்டு தடவை மடையைத் தொறக்கப் போனாங்கப்பா" என்றாள் ரேவதி. "இவருதான் மடியில மண்வெட்டியை வச்சுக்கிட்டு வாய்க்கால் மேலயே உக்காந்திருந்தாரு."

"பின்ன? பெத்த பையனைத் தாண்டி எப்படிப் போறது?" என்றார் கோவிந்தம்மாள். சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது.

அறுப்புக்கு வந்த பெண்களில் தலைவி சின்னபாப்பா. நடவு நட்டதும் அவர் ஆட்கள்தான். அந்த ஊர் வழக்கப்படி நடவும் அறுப்பும் வயலின் ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில்தான் தொடங்கும். வருகிற போகத்துக்கு விதைக் கதிரும் அங்கேதான் எடுப்பார்கள். சாமி மூலை அல்லவா! அந்த மூலையில் கற்பூரம் ஏற்றப் போனபோதுதான், அங்கே வரப்பை ஒட்டி ஒரு துண்டு மட்டும் பயிர் வேறு மாதிரி இருப்பதைக் கண்டேன். நெருக்கமாக, ஒல்லியாக, சாய்ந்து கிடந்தது.

"இது என்னம்மா, இங்க மட்டும்?"

சின்னபாப்பா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "அது என் வேலைங்கண்ணா. நாத்தைப் பாத்தீங்கன்னா இம்மாத்தூண்டு. வேர்ல ஒட்டியிருந்த விதைகூட இன்னும் விடலை. பச்சப்புள்ளையைத் தனியா நடு ரோட்டுல விட்டுட்டு வர்ற மாதிரி இருந்துச்சு. அதுவும் சாமி மூலையில ஒத்தையா வைக்க எனக்கு மனசே வரலை. அதான் நம்ம பழக்கப்படி கைக்கு நாலு, அஞ்சுன்னு வச்சு ஒரு துண்டு நட்டுட்டேன். ரேவதி அந்தண்ட கயிறு பிடிச்சிட்டு இருந்துச்சு, பாக்கலை."

"ஒரு வாரம் கழிச்சுத்தான் பாத்தேன்பா" என்றாள் ரேவதி. "பிடுங்கலாமான்னு தோணுச்சு. நல்ல மனசுல வச்ச நாத்தை எப்படிப் பிடுங்கறது? விட்டுட்டேன்."

கோவிந்தம்மாள் அதைத்தான் பிடித்துக்கொண்டார். "அந்தத் துண்டைத் தனியா அறுங்க. பக்கத்துல அதே அளவுக்கு இவ நட்டதையும் தனியா அறுங்க. மிஷின் வந்தா எல்லாம் கலந்துபோயிடும். ஒரே மண்ணு, ஒரே எரு, ஒரே தண்ணி. என் கண்ணால பாக்கணும்."

நடவுக் கயிற்றாலேயே இரண்டு துண்டும் ஒரே அளவாகக் குறிக்கப்பட்டன. பத்தரை மணிக்கு அரிவாள் இறங்கியது. நான் வரப்பில் உட்கார்ந்து மனசுக்குள் அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ரேவதி உட்காரவே இல்லை. தண்ணீர் கொண்டு வருவதும், கட்டு தூக்குவதும், தார்ப்பாய் விரிப்பதுமாக அலைந்தாள். இரண்டு குவியலையும் தனித்தனித் தார்ப்பாயில் கல்லில் அடித்தார்கள். ஒற்றை நாற்றுக் குத்து ஒன்றைச் சின்னபாப்பா என்னிடம் கொடுத்தார். ஒரு கைக்குள் அடங்கவில்லை. ஒரு நாற்றிலிருந்து இத்தனை தூர் வெடித்ததா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அடியில் வேர் தடித்த தாடி மாதிரி இருந்தது.

"நிக்கிற தண்ணியில வேர் சோம்பேறியா போயிடுமாம் மாமா" என்றார் மாப்பிள்ளை. "காயவிட்டா தண்ணியைத் தேடிக் கீழ போகுது."

தூற்றி முடித்ததும் கோவிந்தம்மாள் யாரையும் தொடவிடவில்லை. அன்னக்கூடையை எடுத்துத் தானே அளந்தார். சின்னபாப்பாவின் துண்டு இரண்டு கூடை நிறைந்து, மூன்றாவதில் அடி மட்டும் மறைந்தது. பிறகு ரேவதியின் துண்டு. ஒன்று. இரண்டு. மூன்றாவது கூடை நிறைந்து, மேலே கோபுரமாகக் குவிந்து, தார்ப்பாயில் இன்னும் ஒரு முறம் நெல் மிஞ்சியிருந்தது.

சின்னபாப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். "அட, நான் வச்ச புள்ளைங்க எல்லாம் ஒன்னோட ஒன்னு சண்டை போட்டே இளைச்சுப்போச்சுங்களா!"

எல்லாரும் சிரித்தார்கள். கோவிந்தம்மாள் சிரிக்கவில்லை. எழுந்து தெற்கு வரப்பு வரை போனார். அங்கே பள்ளமான ஒரு இடத்தில், நட்ட புதிதில் தண்ணீர் தேங்கி இளநாற்று அழுகி, நிறைய குத்துகள் போய்விட்டிருந்தன. ரேவதி அதை எனக்கு ஏற்கெனவே காட்டியிருந்தாள். மறைக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த கோவிந்தம்மாளின் முகத்தைப் படிக்க எனக்குத் தெரியவில்லை.

விதைக் கதிர் எடுக்கும் நேரம். சின்னபாப்பா ஈசானிய மூலையில் அறுக்காமல் விட்டிருந்த நாலைந்து குத்தைக் காட்டினார். வழக்கப்படி விதை அங்கிருந்துதான் வர வேண்டும். கோவிந்தம்மாள் அங்கே போய் நின்று, கண்ணை மூடிக் கும்பிட்டார். மூலையில் ஒரு கதிரை மட்டும் அறுத்துச் சாமிக்கென்று முந்தானையில் முடிந்துகொண்டார். அப்புறம் அந்த இடத்தைத் தாண்டி, உள்ளே, ஒற்றை நாற்று நின்ற பக்கம் நடந்தார். நல்ல கதிராகப் பார்த்துப் பார்த்து அறுக்கத் தொடங்கினார்.

ரேவதி என் பக்கத்தில் நின்று அந்த அரிவாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏ பெங்களூரு!" பயிருக்குள்ளிருந்து குரல் வந்தது. "சும்மா நிக்கறியே. இங்க வந்து புடி. தெற்கால இருக்கற பள்ளத்தை அடுத்த போகத்துக்குள்ள மேடாக்கணும், சொல்லிட்டேன். மூணு ஏக்கராவுக்கும் நாத்தங்கால் எங்க விடப்போறே?"

ரேவதி பயிருக்குள் ஓடினாள். நான் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வெயில் இல்லாத நாளில் வியர்க்கிறதே என்று மாப்பிள்ளை நினைத்திருப்பார். மிஷின் வரும் வரை மேகம் அப்படியே நின்றது. மழை பெய்யவில்லை. கோவிந்தம்மாளின் சொல்லோ, எங்கள் அம்மனின் கருணையோ, இரண்டுமோ.

மதியம் புளிக்குழம்பும் கீரையும். தில்பசந்தைச் சின்னபாப்பாவின் ஆட்கள்தான் காலி செய்தார்கள். நான்கு மணிக்குக் கிளம்பினேன். ரேவதி பையில் புது நெல்லை ஈரம் போக வாணலியில் சூடாக்கி, உரலில் குத்திய அரிசி இரண்டு படி வைத்தாள். சம்பந்தியம்மா காவேரிப்பட்டணத்து நிப்பட்டு, அதாவது தட்டை, ஒரு பொட்டலம் வைத்தார்.

"சம்பந்தி, உங்க அம்மனுக்கு வேண்டிக்கிட்டீங்களாமே?"

"ஆமாங்க."

"நானும் எங்க மாரியம்மாவுக்கு வேண்டிக்கிட்டேன்" என்றார். என்ன வேண்டினார் என்று நான் கேட்கவில்லை.

இரவு ஒன்பதுக்கு நீலசந்திரா. காவிரித் தண்ணீர் எங்கள் தெருவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருகிறது. அன்று வராத நாள். குடங்கள் காலியாகக் கவிழ்ந்திருந்தன. மனைவி வழக்கம் போலக் குறைப்பட்டாள். நாற்று மாதிரி நாமும் காய்ந்தும் நனைந்தும்தான் வேர் பிடித்திருக்கிறோம் என்றேன். "முதல்ல கை கால் கழுவு, அரைச் சொம்புதான் இருக்கு" என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தண்ணீர் வந்தது. கோயில் வாசலில் மூன்று கல் வைத்து அந்த அரிசியைப் பொங்கினோம். புது அரிசி, குழைந்து வந்தது. பூசாரி தீபாராதனை காட்டும்போது கையெடுத்தேன். எத்தனையோ வருடமாக அந்த வாசலில் ஏதாவது ஒன்றைக் கேட்டுக்கொண்டே நின்றவன். அன்று நெடுநேரம் நின்றும் கேட்பதற்கு ஒன்றுமே வாயில் வரவில்லை. கும்பிட்டுவிட்டு, பொங்கலைத் தெருவில் எல்லாருக்கும் கொடுக்க எடுத்துக்கொண்டு போனேன்.