சூசைப்பிள்ளை அண்ணன் வெட்டிய மூன்று வரிகள்

சூசைப்பிள்ளை அண்ணன் இறந்துபோன செய்தியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் ஏறாவூர் மீன்கார முஸ்லிம் காக்கா. வழியில் தன்னாமுனைக் கோயில் மணி கேட்டு, சைக்கிளை நிறுத்தி விசாரித்திருக்கிறார். படலையில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "புள்ள, ஒங்கட கார் பாக்கிற சூசப்புள்ள மௌத்தாப் போயிட்டாராம்" என்றார். அன்று நான் மீன் வாங்கவில்லை. அவரும் கூடையைத் திறக்கவில்லை.

கார் பார்க்கிறவர் என்றுதான் மட்டக்களப்பு முழுக்க அவரை அறியும். பலகையில் 'மோட்டார் மதிப்பீட்டாளர்' என்று எழுதியிருந்தாலும் யாரும் அப்படிச் சொன்னதில்லை. வெளிநாட்டுக் கார் இறக்குவதை அரசாங்கம் நிறுத்திய பிறகு பழைய கார் ஒன்று வைத்திருப்பது காணி வைத்திருப்பது மாதிரி ஆகிவிட்டது. விற்பவர், வாங்குபவர், வழக்காடுபவர் எல்லாரும் அவரிடம் வந்தார்கள். பாலத்தடியில் இருந்த அந்த ஒற்றை அறைக் கந்தோரில் பதினொரு வருடம் நான் அவருடைய தட்டெழுத்தாளராக இருந்தேன்.

அவர் கார் பார்ப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, கால் மணி நேரம் சும்மா இருப்பார். பிறகு இறங்கிவந்து மளமளவென்று சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். "கண்டத எழுது தங்கச்சி, நினைச்சத எழுதாத" என்பது அவர் பேச்சு. ஒருமுறை ஊரின் பெரிய டாக்குத்தர் ஒருவருடைய காரை, அடிபட்டு டிங்கர் அடித்த வண்டி என்று உள்ளபடி எழுதிக் கொடுத்தார். டாக்குத்தர் ஒரு வருடம் முகம் பார்க்கவில்லை. காய்ச்சல் வந்தபோது இவர் கூச்சமில்லாமல் அவரிடமே போய், வாங்கிவந்த கசப்பு மருந்தைக் காட்டி, "மனுசன் பழி தீத்திட்டான்" என்று சிரித்தார். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு காரைப் பற்றிக் கண்டதை எழுதவில்லை. அதைச் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி எழுத என்னால் முடியவில்லை.

பழுகாமத்துப் போடியார் ஒருவரின் மகன் சீமையில் படித்துவிட்டு வரும்போது ஓர் இத்தாலியக் காரைக் கப்பலில் கொண்டுவந்தான். சிவப்பு நிறம், பன்னிரண்டு சிலிண்டர், இரண்டே இருக்கை. அதற்காகப் போடியாரின் நெல்வயலில் பாதி கைமாறியது. வாவியைக் கடக்கும் பாதையில், அதாவது வாகனங்களை ஏற்றும் அந்த மிதவையில், அதை ஏற்றும்போது அடிவயிறு உரசாமல் இருக்கப் பலகை அடுக்குவார்களாம். வந்த மறுவருடம் மாரிகாலத்தில் அந்தப் பிள்ளை வாவியில் மூழ்கி இறந்தான். கார் இல்லாமல் பாதையில் வந்தவன் கால் வழுக்கி விழுந்தான், கார் பட்டினத்தில் சிநேகிதன் வீட்டில் நின்றது என்று போடியார் தன் மனைவியிடம் சொன்னார். ஒரு மாதம் கழித்துக் கழுவித் துடைத்த கார் வீட்டுக்கு வந்து, நெல்லுக் கொட்டகையில் நின்றது.

போடியாரும் காலமான பிறகு, கொழும்பில் அபூர்வக் கார்கள் சேர்க்கும் ஒரு வியாபாரி அதைக் கேட்டு வந்தார். சூசைப்பிள்ளை போடும் விலை எதுவோ அதுவே விலை என்று இரு பக்கமும் ஒத்துக்கொண்டார்கள். அண்ணன் எஞ்சின் இலக்கத்தையும் சேசிஸ் இலக்கத்தையும் இத்தாலியில் காரைச் செய்த கம்பனிக்கு எழுதிக் கேட்டார். வந்த பதிலை உரோமையில் படித்த பங்குத் தந்தைதான் வாசித்துச் சொன்னார். இலக்கங்கள் இரண்டும் பொருந்துகின்றன, கையால் தட்டிச் செய்த அலுமினிய உடல், இந்த மாதிரியில் செய்ததே சில கார்கள்தான் என்று இருந்தது. "தங்கச்சி, இது கெடாம இருந்தா, விலைய எழுத எனக்குக் கை நடுங்கும்" என்றார் அண்ணன்.

நாங்கள் இருவரும் பாதையேறிப் போனோம். வழக்கம்போல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கால் மணி அரை மணியானது. கண்ணாடிக்குள் அவர் முகம் அசையவில்லை. இறங்கி, கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைக்குள் விரல் விட்டு, ஒட்டியதை நாக்கில் வைத்துப் பார்த்தார். முன்விளக்கின் கண்ணாடி மூடியைக் கழற்றினார். போடியார் பெண்சாதி தெய்வானை அம்மா கொட்டகை வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் அண்ணன் பாதைக்காரரிடம் ஏதோ கேட்டார். பாதைக்காரர் தலையைக் குனிந்து, "போடியார் சொன்ன சொல்லு. நாங்க வாய் துறக்கல்ல" என்றார்.

மறுநாள் அவர் சொல்ல நான் அடித்தேன். கடைசியில் மூன்று வரி. அடித்து முடித்ததும் தாளை உருவி எடுத்து, அந்த மூன்றின் மேலும் கோடு கிழித்தார். "இத விட்டுப்போட்டு வேற தாள்ல அடி. விலை மட்டும் நல்ல காருக்கு வாறதில மூண்டில ஒண்டு. வாங்குற ஆளுக்கு நான் வாயால சொல்லுறன்." ஏன் என்று கேட்டேன். "பெத்தவ வாசிக்கிற கடதாசி" என்றார்.

அந்த விலையைக் கண்டதும் தெய்வானை அம்மா குடையோடு கந்தோருக்கு வந்தார். "ஏன் தம்பி குறைச்சீங்க?"

"கார் பழசம்மா."

"வேற ஒண்டும் இல்லையா?"

"இல்லம்மா."

"காருக்குள்ள அவ்வளவு நேரம் இருந்தீங்களே. வேற ஒண்டுமே இல்லையா?"

"இல்லம்மா" என்றார், மேசையைப் பார்த்துக்கொண்டு.

அம்மா விற்கவில்லை. கொழும்புக்காரரிடம் சூசைப்பிள்ளை காசு வாங்கிவிட்டார் என்று ஊர் பேசியது. பாதி வேலை வேறு ஆட்களிடம் போனது. அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. ஒரு தாயின் நிம்மதிக்காகத் தன் பெயரைக் கொடுத்தவர் என்று எட்டு வருடம் அவரை மனதுக்குள் கும்பிட்டேன். கோடு கிழித்த தாளை என் பெட்டியில் வைத்திருந்தேன்.

அடக்கத்தன்று தன்னாமுனைச் சவக்காலையில் தெய்வானை அம்மாவைக் கண்டேன். நன்றாகத் தளர்ந்துவிட்டார். மண் போட்டு முடிந்ததும் என் கையைப் பிடித்தார். ஆணோ பெண்ணோ, அவருக்கு எல்லாரும் 'மனே'தான். "மனே, அவர் சொல்லச் சொல்ல நீதானே அடிச்ச. அவர் எனக்குச் சொல்லாம விட்டது என்ன?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாளோடு பாதையேறினேன். அம்மா என்னை நேரே கொட்டகைக்குக் கூட்டிப்போனார். கார் அங்கேயே நின்றது. சக்கரங்கள் மண்ணில் அமிழ்ந்திருந்தன. விளக்குக் கண்ணாடிக்குள் ஈரம் பூத்திருந்தது.

"கார் ஆத்துக்குள்ள போனது எனக்குத் தெரியும்" என்றார் அம்மா. வாவியை அக்கரையார் ஆறு என்றுதான் சொல்வார்கள். "சீட்டுக்குக் கீழ பாசி கிடந்தது. அண்டைக்குக் காலம்ப நான்தான் அவனுக்குச் சொன்னன், இந்தக் கார வித்துப்போட்டு வா, இல்லாட்டி என்ர முகத்தில முழிக்காத எண்டு. அவன் வேணுமெண்டே விட்டானா, தவறிப் போனானா? அதக் கேக்கத்தான் மனே அந்த ஆளக் கூப்பிட்டன். விலைக்கா கூப்பிட்டன்?"

தாளை விரித்து வாசித்தேன்.

"முன்விளக்குகளுக்குள் வாவிச் சேறு உள்ளது, வாகனம் முழுவதும் நீரில் மூழ்கியிருந்தது. சாரதிப் பக்கக் கண்ணாடி பாதி இறக்கப்பட்ட நிலையில் இறுகியுள்ளது. அக்கதவின் உட்புறக் கைப்பிடி, உள்ளிருந்து பலமுறை இழுக்கப்பட்டு முறிந்துள்ளது."

"கடைசி வரிய இன்னொருக்கா வாசி" என்றார்.

வாசித்தேன்.

"அப்ப புள்ள வெளியில வரத்தான் பாத்திருக்கு."

"ஓமம்மா."

"என்னட்ட வரத்தான் பாத்திருக்கு" என்று சொல்லி, காரின் கூரையில் தலையைச் சாய்த்து அழுதார். மகன் செத்தபோது இப்படி அழவில்லை என்று பிறகு சொன்னார். அந்த முறிந்த கைப்பிடியை எந்தத் தாயும் அறியக்கூடாது என்று நினைத்துத்தான் அண்ணன் வரியை வெட்டினார். அந்த ஒரு வரிக்காக அம்மா எட்டு வருடம் இந்தக் கொட்டகை வாசலில் காத்திருந்திருக்கிறார். அண்ணன்மேல் எனக்கு வந்த கோபத்தைக் காட்ட அவரும் இல்லை. பெட்டியில் தாளை வைத்துக்கொண்டு வாய்மூடி இருந்தவள் நானும்தான்.

அம்மா அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அண்ணனுடைய நினைவாக என்னிடம் மிஞ்சியிருப்பது மற்றப் பிரதி, அவர் கையெழுத்து வைத்தது. விலை இருக்கிறது, எஞ்சின் இலக்கம் இருக்கிறது, அலுமினிய உடல் இருக்கிறது. அதற்குக் கீழே மூன்று வரிக்கான வெற்றிடம். அவர் விடச் சொன்னார், நான் விட்டேன்.