முடிச்சு போடாத நூலு

எங்க ஏரியில யாரு எந்த எடத்துல என்னிக்கு வலை வுடணும்னு முறை வெச்சிருக்காங்க. அந்த முறைக்கு பேரு பாடு. என் பாடு வர்றதுக்கு மொத நாளு பாத்து ஒரு திருக்கை மீனு என் கால்ல வால் முள்ளை எறக்கிட்டு போயிடுச்சு. சேத்துல காலைத் தேச்சி தேச்சி நடங்கடா, திருக்கை பட்துனுருக்கும்னு ஊருக்கே பாடம் எடுக்கற ஆளு நானு. அன்னிக்கு மட்டும் தொரை மாதிரி காலைத் தூக்கி வெச்சேன். அது தொரைன்னு பாக்கல.

என் பாட்டுக்கு மச்சான் வலை எடுத்துனு போயிட்டான். நான் என் பாட்டுக்கு தலகாணி மேல காலைப் போட்டு பட்துனு கெடந்தேன். எஞ்சின் சத்தம் கேட்டா கழுத்து அந்தப் பக்கம் திரும்பும். சத்தம் நின்னா ஏன் நின்னுச்சுன்னு திரும்பும். தெரு நாய் கூட அவ்ளோ தபா திரும்பாது.

அப்ப பொண்டாட்டி ஒரு அட்டைப் பொட்டிய கொண்ணாந்து வயித்து மேல வெச்சா. "உன் மக குடுத்தனுப்பினா. கைய வெச்சினு சும்மா இரு."

மீஞ்சூர்ல கட்டிக் குடுத்த பொண்ணு. நல்ல கம்பெனி வேலை, வாசல்லயே பஸ்ஸு வந்து ஏத்திக்கும். அத வுட்டுட்டு, வூட்லயே தையல் பொட்டி செஞ்சி விக்கப் போறேன்னு குந்திட்டா. கம்பெனில அவ எடத்துல வேற பொண்ணு ஏற்கனவே வந்தாச்சு. இது ஓடலன்னா திரும்பிப் போக வழியில்ல. அந்த நெனப்பு எனக்கு திருக்கை முள்ள விட ஆழமா குத்தினு இருந்துச்சு.

போன்ல கூப்ட்டா. "நைனா, அது கிராஸ் ஸ்டிச் கிட்டு."

"கிராஸுன்னா மாதா கோயில்ல வெப்பாங்களே, அதுவா?"

"சிலுவை மாதிரி தையலு நைனா. தைக்கறதுக்கு வேணுங்கறதெல்லாம் அந்தப் பொட்டிலயே இருக்கும். நாளைக்கு மொத மொதல்ல வெளி ஆளுங்களுக்கு கொரியர்ல போடறேன். அதுக்கு முன்னால ஒண்ணுமே தெரியாத ஆளு ஒருத்தர் தொறந்து பாக்கணும்."

"இந்த ஜில்லாவுலயே தேடி என்னைக் கண்டுபுடிச்சியா?"

"தேடவே இல்ல. டக்குனு ஞாபகம் வந்துச்சு. சும்மா நல்லாகீதுன்னு சொல்லாத, இன்னா தோணுதோ அத சொல்லு."

தொறந்தேன். மரத்துல ஒரு வளையம், மாவு சல்லடையில வலை பிஞ்சி போன மாதிரி. கலர் கலரா நூலு. கட்டம் போட்ட ஒரு காயிதம், அதுல ஒத்தக் கால்ல நிக்கற பூநாரை. என் நெலமையத்தான் வரைஞ்சிட்டாளோன்னு ஒரு சந்தேகம். இன்னொரு காயிதம் பூரா எழுத்து. எனக்கும் எழுத்துக்கும் சின்ன வயசுலயே பேச்சுவார்த்த இல்ல, அத மடிச்சி தலகாணிக்கு கீழ வெச்சேன். அப்பறம் ஒரு வெள்ளத் துணி, பூரா ஓட்டை. எங்க கணக்குல ஓட்டைன்னா கண்ணு. அந்தக் கண்ணுல எறா குஞ்சு கூட நொழையாது. அவ்ளோ சின்னக் கண்ணு வலைய ஏரியில போட்டா கேசு எழுதிடுவாங்க.

ஊசியப் பாத்தேன். முனையே இல்ல. மொட்டை. எவனோ என் பொண்ண நல்லா ஏமாத்தி வித்துட்டான்னு கோவம் வந்துச்சு. நொண்டினே போயி வாசப்படி கல்லுல தேய் தேய்னு தேச்சி கூர் ஏத்துனேன். மொத குத்து என் வெரல்லயே எறங்குச்சு. சரி, ஊசி ரெடின்னு சந்தோசம்.

தைக்க ஆரம்பிச்சேன். கட்டத்த எண்ணி எண்ணி ஒரு சிலுவை. போட்ட ஒடனே கை தானா ஒரு முடிச்சு போட்டுச்சு. வலை கட்டற கைக்கு வேற இன்னா தெரியும்? கண்ணுக்கு ஒரு முடிச்சு. நடுவுல ஒரு கண்ணு அறுந்தாலும் மீதி வலை அவுந்துக்காது பாரு, அதுக்கு. இழுத்து இழுத்து முடிச்சு போட்டதுல துணி சுருங்கினே வந்துச்சு. பொழுது சாயறதுக்குள்ள பூநாரைக்கு கழுத்து வந்துடுச்சு. ஆனா அது கழுத்துன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்.

பொண்டாட்டி எட்டிப் பாத்தா. "இன்னாய்யா இது, வாளை கருவாடா?"

"பறவ."

"அடக் கடவுளே." துணிய தலகீழா திருப்பிப் பாத்தா. அப்பறம் மெதுவா சொன்னா. "நல்லாகீதுன்னே சொல்லிடுய்யா. பொண்ணு மனசு ஒடஞ்சிடும்."

எனக்கும் அதான் ஆசை. ஆனா நாளைக்கு காசு குடுத்து வாங்கற மகராசி என் பொண்டாட்டி மாதிரி பாவம் பாப்பாளா? போட்டோ புடிச்சி வாட்ஸப்புல அனுப்பிட்டு, கூடவே வாய்ஸும் பேசி வுட்டேன். "கண்ணு, ஊசி மொட்டை, துணி சுருங்குது, எங்க ஆரம்பிக்கறதுன்னு ஒரு மண்ணும் புரியல. ரெண்டு தபா ஏரில தூக்கி வீசலாம்னு பாத்தேன், கால் வலிச்சதால வுட்டேன்."

கேட்டுட்டா, நீலக் கோடு வந்துடுச்சு. பதில் வர்ல. போன குப்புற வெச்சேன், நிமித்து வெச்சேன். என் வாயில அந்த ஊசிய வெச்சி தைச்சிருக்கணும்.

கடைசியா கூப்ட்டா. "நைனா, முடிச்சு போட்டியா? ஒவ்வொண்ணுக்குமா?"

"பின்ன?"

"போடவே கூடாது நைனா. நூல் வால பின்னால வுட்டு, அது மேலயே தைச்சா மாட்டிக்கும். துணிலயே ஓட்டை இருக்குல்ல, ஊசியும் மொட்டையாத்தான் இருக்கணும்."

"எங்கயும் கட்டாம அதுவா நிக்குமா?"

"நிக்கும்."

"எந்தப் புடிமானமும் இல்லாம? நாளைக்கு யாராச்சும் இழுத்தா?"

"நைனா, நீ நூலப் பத்திதான கேக்கற?"

"ஆமா, வேற எத கேப்பேன்"னு பொய் சொன்னேன்.

காலைல மொத பஸ்ஸுல வந்து எறங்குனா, பை நெறைய பொட்டிங்களோட. முடிச்சு வேணாங்கறது தலகாணிக்கு கீழ இருந்த காயிதத்துல கடைசி வரில, அதுவும் இங்கிலீசுல இருந்துச்சாம். "நானே எழுதி நானே ஒளிச்சி வெச்சிருக்கேன்"னு தலைல அடிச்சிக்கினா. புதுத் துணியும் மொட்டை ஊசியும் குடுத்து, என் கைய வீடியோ புடிக்கணும்னா. ஆரம்பிக்கறது எப்டின்னு பாத்தே தெரிஞ்சிக்கலாமாம்.

"இந்த வெரலா? கருவாட்டு வெரலு. பாத்தா ஆர்டர கேன்சல் பண்ணிடுவாங்க."

"பேசாம தை நைனா."

பேசாம இருக்கறது எனக்கு திருக்கை குத்தறத விட கஷ்டம். கை முடிச்சுக்குப் போவும், அவ "ம்ம்"னுவா, இழுத்துக்குவேன். நான் ஏதாச்சும் ஒளறுவேன், அவ சிரிச்சி போன் ஆடிடும், மறுபடி மொதல்ல இருந்து. பொண்டாட்டி, "ரெண்டும் ஒரே ஜாதி"ன்னு பூண்டு உரிச்சினு இருந்தா. கடைசில வாய மூடி, வால பின்னால புடிச்சினு அஞ்சாறு சிலுவை தைச்சி முடிச்சேன்.

"இப்ப இழுத்துப் பாரு நைனா."

பாவம்னு பாக்காம வலை இழுக்கற மாதிரியே இழுத்தேன். துணி வந்துச்சு, வளையம் வந்துச்சு, அவ கையும் கூட வந்துச்சு. நூலு வர்ல.

ஒவ்வொரு பொட்டிலயும் வீடியோ பாக்கறதுக்கு லிங்க எழுதி ஒரு சீட்ட வெச்சி ஒட்டினா. மத்தியானம் பஸ்ஸு புடிச்சி போயிட்டா.

சாயங்காலம் நான்தான் கூப்ட்டேன். "கண்ணு, யாராச்சும் தொறந்து பாத்தாங்களா?"

"இப்பதான் நைனா கொரியர்காரரு வாங்கி மேசை மேல வெச்சாரு."

"அவரு ஒண்ணு தொறந்து பாக்கலாமே."