சுடரைக் குனிய வைத்த சூசன்னா

ஹெல்ம்ஷா ஊரில் பன்றிக்கறிக் கடை வைத்திருந்த சூசன்னா சிசன்ஸுக்குத் தன் பெயரைச் சொல்வதென்றால் வேப்பங்காய். அவளுடைய முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. பல் முளைத்த நாளிலிருந்தே உண்டு. பேச்சில் 'ஸ' வரும் இடமெல்லாம் அந்தச் சந்து வழியே காற்று சீறிக்கொண்டு விசிலாக வெளியேறும். சூசன்னா என்று பெயர் வைத்த அப்பாவைக் குறை சொல்ல முடியாது. பெயர் வைக்கிற வயதில் குழந்தைக்குப் பல் ஏது? சிசன்ஸ் என்பது பரம்பரைப் பெயர். அவர் விட்டுப்போன கடையின் முக்கிய வியாபாரமோ சாசேஜ்.

எங்கள் தொப்பிக் கடை அவள் கடைக்கு அடுத்தது. கம்பளி ஆலை விட்டு வருகிற இளவட்டங்கள் அவள் வாசலில் நின்று, கொக்கியில் தொங்கும் சரத்தைக் காட்டி, இதற்கு என்ன பெயர் என்று வெகு மரியாதையாகக் கேட்பார்கள். "பன்னிக்கறிக் குழல்" என்பாள் அவள். அதில் 'ஸ' கிடையாது. சனிக்கிழமை அவளுக்கு 'ஞாயித்துக்கு முந்தின நாள்'. செலினா என்ற தன் கூடப்பிறந்தவளை 'எங்க பெரியவ' என்றுதான் குறிப்பிடுவாள். இப்படி வளைந்து நெளிந்து பேசிப் பேசியே, பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

எங்கள் தேவாலயச் சபையின் பாடகர் குழுவிலும் அவளுக்கு இடம் இருந்தது, பாட மட்டும் அனுமதியில்லை. குழுவை நடத்திய ஜேபஸ் ஹோல்ராய்ட் கம்பளிநூல் வியாபாரி. கழுத்துப்பட்டை எப்போதும் விறைப்பாக இருக்கும், மனிதரும் அப்படியே. தோத்திரத்தின் நடுவே தேநீர்க் கெண்டி கொதித்துச் சீறுகிறதோ என்று போதகர் திரும்பிப் பார்த்த ஒரு ஞாயிறுக்குப் பிறகு, அவர் சூசன்னாவைத் தனியே கூப்பிட்டு, "இனிமே நீ வாயை மட்டும் அசை. ஆண்டவருக்கு உன் மனசு கேக்கும்" என்று சொல்லிவிட்டார். அவளும் வருஷக்கணக்காக வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் தொழிலாளர் கழகம் லண்டனிலிருந்து ஒரு பௌதிகப் பேராசிரியரை வரவழைத்தது. பெயர் ஆம்ப்ரோஸ் டிரெவெனா. ஒலியைப் பற்றிச் சனிக்கிழமை பிற்பகல்களில் பேச வேண்டும் என்று ஏற்பாடு. முந்தைய வருஷம் பவளப்பாறையைப் பற்றிப் பேச வந்தவர் மண்டபத்தையே தூங்க வைத்திருந்ததால், யாருக்கும் பெரிய நம்பிக்கை இல்லை. டிரெவெனா குள்ளமான ஆள், வழுக்கை, கை ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. முதல் வாரம் ஒரு பித்தளைத் தகட்டில் மணலைத் தூவி, விளிம்பில் வயலின் வில்லால் இழுத்தார். மணல் துள்ளியோடி நட்சத்திரக் கோலமாக நின்றுவிட்டது. என் மனைவி டார்கஸ் வீட்டுக்கு வந்து, என் தொப்பிப்பெட்டி மூடியில் சர்க்கரையைக் கொட்டிப் பார்த்தாள். கோலம் வரவில்லை, எறும்புதான் வந்தது.

இரண்டாம் வாரம் டார்கஸ் சூசன்னாவையும் இழுத்துக்கொண்டு போனாள். நான் பின்னாலேயே போனேன். முன்வரிசையில்தான் இடம் கிடைத்தது. மேடையில் ஒரு குழாயின் முனையில், முழங்கை நீளத்துக்கு ஒல்லியாக, ஆடாமல் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது ஒரு எரிவாயுச் சுடர்.

"கேஸை விளிம்பு வரைக்கும் திறந்துவிட்டிருக்கேன்" என்றார் டிரெவெனா. "இன்னும் ஒரு இழை திறந்தா இந்தச் சுடர் நிலைகுலைஞ்சு இரையும். அந்த ஒரு இழையை நான் திறக்கப் போறதில்லை. சத்தம் திறக்கும், பாருங்க."

ஒரு முரசை ஓங்கி அடித்தார். சுடர் சட்டை செய்யவில்லை. பைக்குள்ளிருந்து சாவிக்கொத்தை எடுத்து இலேசாகக் குலுக்கினார். சுடர் பாதி உயரத்துக்குப் படுத்து, படபடவென்று இரைந்து, மறுபடி எழுந்து நின்றது. மண்டபம் மூச்சை இழுத்துக்கொண்டது. பெரிய சத்தமல்ல இதற்கு எதிரி, கீச்சென்ற சத்தம்தான் என்று விளக்கிவிட்டு, இப்போது எல்லோரும் முழு அமைதியாக இருந்தால் அது எப்படிச் சிலைபோல நிற்கிறது பாருங்கள் என்றார்.

எல்லோரும் அமைதியாக இருந்தோம். சுடர் குனிந்தது.

அவர் குழாயைத் தட்டிப் பார்த்தார். நிமிர்ந்தது. மறுபடி குனிந்தது, உடனே இன்னொரு முறை. ஜன்னலைச் சாத்தச் சொன்னார், பூட்ஸைத் தேய்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், குழாய் இணைப்பை மோந்து பார்த்தார். சூசன்னா டார்கஸின் காதில், சுடர் ரொம்பச் சோர்ந்துபோயிருக்கிறதே, சுகமில்லையோ என்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரியை எப்படிக் காட்டிக்கொடுப்பது?

காட்டிக்கொடுத்தது ஹோல்ராய்ட்தான். கழகத்துக்கும் அவர்தான் தலைவர். எழுந்து நின்று, "ஐயா, அது அந்தக் கறிக்கடைப் பொம்பளையோட வாய். வெளியே அனுப்பிட்டா சரியாயிடும்" என்றார்.

டிரெவெனா மேடை விளிம்புக்கு வந்து குனிந்தார். "உங்க பேரு என்னம்மா?"

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. வேறு எதைக் கேட்டிருந்தாலும் சுற்றி வளைத்துச் சொல்லியிருப்பாள். பெயருக்குச் சுற்றுவழி இல்லை.

"சூசன்னா சிசன்ஸ்."

அரசவையில் ராணிக்கு முன்னால் நிற்கிற ஆள்போலச் சுடர் விழுந்து விழுந்து எழுந்தது. மண்டபம் கொல்லென்று சிரித்தது. அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள். டிரெவெனா மேடையிலிருந்து குதித்தே விட்டார். கையில் சாவிக்கொத்து கிணுகிணுக்க, பின்னால் சுடர் துடிக்க, ஓடிப்போய் வழியை மறித்தார்.

"அம்மா, தயவுசெய்து போகாதீங்க. இந்தச் சாவிக்கொத்தைத் தூக்கிக்கிட்டு நான் ஊர் ஊரா அலையறேன். மூணாவது வரிசை தாண்டினா இது வேலைக்காகாது. நீங்க நிக்கிற இடத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

"என்ன சொல்ல?"

"உங்க இஷ்டம். கடையில என்ன விக்கறீங்க?"

அவள் சற்று நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். கேலி இருக்கிறதா என்று தேடியிருப்பாள். அந்த மனிதர் வாயைப் பிளந்துகொண்டு சுடரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாசேஜ்" என்றாள், ஊரறிய முதல் தடவையாக.

மேடைக் கோடியில் சுடர் குனிந்தது. டிரெவெனா கைதட்டினார். அவளைக் கடைசிச் சுவர்வரை பின்னோக்கி நடக்க வைத்தார், அங்கிருந்தும் குனிந்தது. சிரிப்பு இன்னும் ஓயவில்லை, ஆனால் எல்லோரும் சுடரைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அது அவளுக்கும் புரிந்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டு, மேடையருகே நின்ற ஹோல்ராய்டைப் பார்த்தாள்.

"சத்தமே போடாதே, சும்மா நில்லு, சபைக்கே அசிங்கம்னு சொன்னீங்களே. சரின்னு சகிச்சுக்கிட்டேன். சந்தோசமா ஒரு சங்கீதம் பாடினதில்ல. சாகிறதுக்குள்ள சொல்லணும்னு இருந்தேன், சொல்லிட்டேன்."

ஒவ்வொரு சொல்லுக்கும் சுடர் தலையாட்டி ஆமோதித்தது. ஹோல்ராய்ட் ஏதோ பதில் சொன்னார். அவருடைய கனத்த குரலுக்கு அது அசையக்கூட இல்லை.

அடுத்த மாதம் லீட்ஸ் நகரத்துப் பெரிய மண்டபத்தில் பேசுவதற்கு டிரெவெனா அவளையும் அழைத்துப் போனார். டார்கஸும் நானும் துணைக்குப் போனோம். சூசன்னா புதுத் தொப்பியுடன் மாடத்தில் உட்கார்ந்து, தன் கடைச் சரக்குகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். கீழே சுடர் கும்பிட்டது. கூட்டம் எழுந்து நின்று ஆரவாரம் செய்தது.

அங்கேதான் லெமுவேல் ஆஸ்க்வித் வந்தார். பல் மருத்துவர், மனைவியை இழந்தவர். மிகுந்த தயக்கத்தோடு, அந்தப் பல்லிடுக்கை யானைத் தந்தத் துண்டால் அடைத்துவிடலாம் என்றார். வாழ்நாளெல்லாம் அவள் வேண்டிக்கொண்டது அது. டிரெவெனாவின் முகம் மழைநாளாகிவிட்டது, ஆனாலும் வேண்டாமென்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

சூசன்னா யோசித்துவிட்டு, "கழட்டி மாட்டற மாதிரி பண்ண முடியுமா?" என்று கேட்டாள்.

முடிந்தது. பேருரைக்குக் கழற்றுவாள், மற்ற நேரத்தில் மாட்டிக்கொள்வாள். ஈஸ்டர் ஞாயிறன்று தந்தத் துண்டை மாட்டிக்கொண்டு பாடகர் குழுவில் போய் நின்றாள். ஹோல்ராய்டால் மறுக்க முடியவில்லை. முழுக்குரலில் பாடினாள். விசில் துளியும் இல்லை. சுருதியும் துளிகூட இல்லை. அவள் பாட்டில் சரியாக இருந்தது அந்த 'ஸ' ஒன்றுதான் என்று எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. இரண்டாவது பாட்டில் அவளுக்கே தெரிந்துவிட்டது. முடிந்ததும் டார்கஸிடம், "நான் அவ்வளவு மோசமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றாள் டார்கஸ். சூசன்னா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். குழுவிலிருந்து விலகுவதாக ஹோல்ராய்டிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றி நன்றி சொன்னதாகக் கேள்வி.

தந்தத் துண்டு சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க ஆஸ்க்வித் லீட்ஸிலிருந்து ரயிலேறி வருவார். எந்தப் பல்லுக்கும் அவ்வளவு கவனிப்பு தேவைப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. இலையுதிர்காலத்தில் கல்யாணம் நடந்தது. கல்யாண உறுதிமொழி சொல்லும்போது அவள் துண்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை அப்படிக் கேட்டுக்கொண்டாராம். கல்யாணத்துக்குப் பின் அவர் எங்கள் தெருவிலேயே வந்து பல் பிடுங்கினார், அவள் கறிக்கடையை விடவில்லை.

டிரெவெனா மறுவருஷம் காந்தத்துக்குத் தாவிவிட்டார். காந்தம் யார் பேச்சையும் கேட்காது. சூசன்னாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான், என்றாலும் முன்வரிசையில் உட்கார்ந்து, ஊசியை இழுக்கிற காந்தம் பித்தளையை ஏன் இழுப்பதில்லை என்று எழுந்து கேட்டாள். அவர் கால்மணி நேரம் பதில் சொல்லி, கடைசியில், முழுக் காரணம் தனக்கும் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். அந்தப் பதில்தான் அவளுக்கு ரொம்பப் பிடித்ததாம்.

பிற்பாடு கழகத்தின் செயற்குழுவில் உட்கார்ந்த முதல் பெண் அவள்தான். பேச வருகிறவர்களைத் தேர்ந்தெடுக்கிற வேலை அவளிடம் வந்தது. மேடையில் ஏதாவது எரிய வேண்டும், பாட வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கவாவது வேண்டும் என்பது அவளுடைய நிபந்தனை. பவளப்பாறைக்காரர் இன்னொரு வாய்ப்புக் கேட்டு எழுதியபோது, அதில் எது வெடிக்கும் என்று விசாரித்துப் பதில் போட்டாள். அவரிடமிருந்து மறுமொழி வரவில்லை.