முத்துப்பிள்ளை என்று யார் பெயர் வைத்தது?

எனக்கு வந்த இந்த வருத்தத்துக்கு, இந்த நோய்க்கு, இப்படியொரு பெயரை வைத்த மனிதர் யாரென்று தெரிந்தால் நேரில் போய் நாலு கேள்வி கேட்பேன். முத்துப்பிள்ளை. கேட்டவுடன் தொட்டிலில் போட்டுக் கொஞ்சத் தோன்றும். கருப்பையில் பிள்ளை உருவாகாமல், அதற்குச் சாப்பாடு கொடுக்க வேண்டிய நச்சுக்கொடி மட்டும் நீர்க்குமிழிகளாகப் பெருகிக் கிடப்பதற்குத்தான் அந்தப் பெயர்.

மூன்று மாதமாக எனக்கு விடாத சத்தி. தண்ணீர் குடித்தாலும் வெளியே வந்துவிடும். எங்களோடு உரும்பிராய் வீட்டில் இருக்கும் மாமி, என் கணவரின் தாய், ஒவ்வொரு முறையும் முதுகைத் தடவிவிட்டு, "சத்தி எடுத்தா பிள்ளை நல்லா நிண்டிட்டுது எண்டு அர்த்தம்" என்பார். நானும் வாளியைக் கட்டிப்பிடித்தபடி அதை நம்பினேன்.

ஸ்கானுக்குப் போன அன்று கணவருக்கு வவுனியாவில் வேலை. மாமிதான் கூட வந்து அறைக்கு வெளியே இருந்தார். டொக்டர் திரையை நெடுநேரம் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை என்று கண்ட தாதி மிஸ்ஸி, கதவை அரைவாசி திறந்து வைத்துக்கொண்டே, "உதை முத்துப்பிள்ளை எண்டு சொல்லுறது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உள்ளுக்குப் பிள்ளை இல்லையம்மா" என்றார்.

டொக்டர் திராட்சைக் குலை மாதிரி என்று விளக்கினார். வயிற்றிலிருப்பதைச் சொல்ல இவர்களுக்கு எப்போதும் சாப்பாட்டுச் சாமான்தான் அகப்படும். எல்லாவற்றையும் எடுத்துத் துப்புரவாக்க வேண்டும், பிறகு இரத்தம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அவர்கள் சொல்லும்வரை அடுத்த பிள்ளைக்கு ஆசைப்படக் கூடாது, இரத்தத்தில் கர்ப்பத்தைக் காட்டும் ஹோமோனின் அளவு குறையாவிட்டால் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்து ஏற்ற வேண்டிவரும் என்றார். பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்கப் போனவள் நான்.

வெளியே வந்தால் மாமி போனில் நிற்கிறார். முகமெல்லாம் பூரிப்பு. "ஓம் ஓம், ஸ்கானிலை பாத்தவுடனை சொல்லிப்போட்டினம். முத்துப்பிள்ளையாம்!"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஓட்டோவில் வழிநெடுக விளங்கப்படுத்தினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப மிஸ்ஸி ஏன் முத்து எண்டவ?" என்றார். வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு அன்ரி கறுத்தக்கொழும்பான் மாம்பழங்களோடு சிரித்துக்கொண்டு நின்றார். முதல் செய்தி போன இடங்களுக்கெல்லாம் மறுத்துச் சொல்ல மாமிக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், கர்த்தர் எங்கள் வீட்டுக்குத் தந்த முத்தான பிள்ளைக்காக ஒருவர் எழும்பி நின்று உருக்கமாக ஸ்தோத்திரம் சொன்னாராம். நான் அப்போது ஆஸ்பத்திரி வாட்டில் படுத்திருந்தேன்.

எடுத்துத் துப்புரவாக்கிய பிறகு ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லோரும், ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவர்கள் போல, ஒரே வசனத்தைச் சொன்னார்கள். அது பிள்ளையே இல்லை. என்னோடு வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். போதகர் சொன்னார். கடைசியில் கணவரும், "அது பிள்ளையே இல்லை எண்டு டொக்டர் சொன்னவர்தானே, பிறகேன் அழுறீர்?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பிள்ளை இல்லையெண்டா இவ்வளவு நாளும் வயித்திலை கையை வைச்சுக்கொண்டு நான் ஆரோடை கதைச்சனான்?"

பாவம், அவரும் பயந்துபோய்த்தான் இருந்தார்.

மாமி மட்டும் மாறவேயில்லை. பிள்ளையை நோகாமல் எடுத்தவையோ என்றார். பிள்ளை எந்தப் பக்கம் கிடந்தது என்றார். ஒருநாள் பொறுக்க முடியாமல், "அது பிள்ளையில்லை மாமி, வருத்தம்!" என்று கத்திவிட்டேன். மற்றவர்கள் சொல்லி என்னை எரித்த அதே வசனம் என் வாயிலிருந்தே வந்தது.

இரத்தம் கொடுக்கப் போவதும் முடிவுக்குக் காத்திருப்பதுமாக மாதங்கள் போயின. வயிறு வெறுமையாகிவிட்டது, சத்தியும் நின்றுவிட்டது, இரத்தம் மட்டும் நான் பிள்ளைத்தாச்சி என்றே அடம்பிடித்தது. அந்த அளவு குறையக் குறைய வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்தது. எனக்கும் வந்ததுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஏதோ கொஞ்சம் பறிபோவது போல ஆத்திரமும் வந்தது. அதை யாரிடம் சொல்ல?

கடைசியில் ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. போனில் கணவர், "அப்பாடா, தப்பிட்டம்!" என்று கத்தினார். நான் பஸ்ஸில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். குசினியில் மாமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"இரத்தத்திலை இப்ப ஒண்டும் இல்லையாம், மாமி."

மாமியின் கை நின்றது. "ஒண்டுமே இல்லையோ?"

"ஓம்."

"அப்ப முழுசாப் போயிட்டுது." முன்றானையில் கையைத் துடைத்தார். "பாவம், பிள்ளை."

கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து மாமி என்னைக் கூப்பிடுவதும் பிள்ளை என்றுதான். எந்தப் பிள்ளையைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. குசினி நிலத்தில் குந்தியிருந்து குரலெடுத்து அழுதேன். அழாதே என்று மாமி சொல்லவில்லை.