கடைக்காரர் சொன்ன ‘சாலேல்’

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் விளையாடுகிறவள் என் மனைவி. எனக்கு விளையாட வராது. அதைத் திறந்து பார்ப்பதில்தான் எனக்கு ஆசை. அவள் தன் முதல் சம்பளத்தில் வாங்கி, கல்யாணத்துக்குப் பிறகு புனே ஹடப்சரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பெட்டி அது. துணிமணிகூட டெம்போவில்தான் வந்தது.

அவள் ஐந்து பெண்கள் சேர்ந்த ஓர் அணியில் இருக்கிறாள். இணையத்தில் ஆடும் துப்பாக்கிச் சண்டை. கதவைத் திறந்துகொண்டு முதலில் உள்ளே பாய்வது அவள் வேலை. சில மாதங்களாகச் சரியாக அந்தக் கதவருகே வரும்போது படம் ஒரு கணம் உறைந்தது. உறைந்து மீள்வதற்குள் அவள் செத்துக் கிடப்பாள். நாசிக்கில் இருக்கும் அணித்தலைவி பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டாள்: ஞாயிற்றுக்கிழமை தகுதிச் சுற்று, அதற்குள் மெஷின் சரியாகாவிட்டால் வேறு ஆளை இறக்குவோம். வெளியே இடத்துக்காகக் காத்திருக்கிறவர்கள் நிறையப் பேர். போனால் போனதுதான்.

“புது மெஷின் இப்போ வேண்டாம்,” என்றாள். “உள்ள ஒரு பார்ட் மாத்தினா போதுமான்னு நீ பாத்து சொல்லு நா.”

அவள் பிறந்து வளர்ந்தது புனேயில். அவள் தமிழில் பாதி வாக்கியம் மராத்தி ‘நா’வில் முடியும். என் தமிழ் தூத்துக்குடியில் இருந்து வந்தது. அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள், எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். மாத்திரை அட்டை, கரண்டு ஆபீஸ் நோட்டீஸ், எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும். ஒரு வரியை விட்டுவிட்டால் யாருக்காவது ஏதாவது ஆகிவிடும் என்ற பயத்தில், அச்சடித்த எதையும் கடைசி எழுத்து வரை படிக்கும் பழக்கம் வந்துவிட்டது. கம்ப்யூட்டரையும் அப்படித்தான் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் எது தடுக்கிறது என்று தெரிய வேண்டும். ஒரு சோதனை பற்றிப் படித்திருந்தேன். படத்தின் அளவை வெகுவாகக் குறைத்துவிட்டு விளையாட்டை ஓட்டிப் பார்த்தேன். திரையில் மனிதர்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தார்கள்.

“அரே, படத்த ஏன் இப்படிக் கேவலமா ஆக்கிட்டே?”

“படம் சின்னதானா கிராபிக்ஸ் கார்டுக்கு வேல கொறையும்லா? அப்ப வேகம் கூடணும். கூடுதா பாரு.”

கூடவில்லை. அதே இடத்தில் அதே மாதிரி உறைந்தது.

“அப்ப கார்டு மேல தப்பில்ல. அது சும்மா உக்காந்திருக்கு. ப்ராசஸர்தான் அதுக்கு வேல எடுத்துக் குடுக்க முடியாமத் திணறுது.”

“வெயிட்டர் ஸ்லோ. கெஸ்ட்ட திட்டக் கூடாது,” என்றாள்.

நான் இரண்டு பக்கத்தில் விளக்கும் விஷயத்தை அவள் இப்படித்தான் முடித்துவிடுவாள்.

அடுத்த ஒரு வாரம் எனக்குத் திருவிழா. எங்கள் மதர்போர்டில் பொருந்தும் ப்ராசஸர்களின் பட்டியலை உற்பத்தியாளர் பக்கத்தில் இருந்து எடுத்து அச்சடித்தேன். எங்களுடையது நான்கு கோர், அதாவது வேலை செய்ய நான்கு கை. ஆறு கோர் ஒன்றும் எட்டு கோர் ஒன்றும் அதே குழியில் உட்காரும் என்றது பட்டியல். எட்டுதான் நல்லது என்று முதலில் மனம் பாய்ந்தது. ஆனால் அது குடிக்கும் மின்சாரத்தையும் கக்கும் சூட்டையும் எங்கள் பழைய போர்டு எத்தனை நாள் தாங்கும் என்பது சந்தேகம். அதோடு இந்த விளையாட்டுக்குத் தேவை நிறைய கைகள் இல்லை, ஒவ்வொரு கையும் வேகமாக இருப்பதுதான் என்று படித்தேன். புதிய ஆறு கோர், கோருக்குக் கோர் பார்த்தால் எங்கள் பழையதைவிட வெகு வேகம். ஆறு என்று முடிவு செய்தேன். அந்த முடிவு சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பட்டியலின் கடைசிக் கட்டத்தில் மட்டும் ஓர் எண் இருந்தது. எதற்கு என்று புரியவில்லை. கடையில் கேட்டுக்கொள்ளலாம் என்று அதைச் சுற்றி வட்டம் போட்டுத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

சனிக்கிழமை காலை அவளுக்கு அரைநாள் வேலை. நான் தனியாகத்தான் பஸ் ஏறி நகரத்துக்குள் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் சந்துக்குப் போனேன். கூடவே ஓர் ஆசை: எல்லாவற்றையும் மராத்தியிலேயே பேசி முடித்துவிட்டு வர வேண்டும். நாலு வருடமாக இந்த ஊரில் இந்தியில் ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில் வாக்கியத்தை மனப்பாடம் செய்தேன். ‘ஹே மாஜ்யா போர்டாவர் சாலேல் கா?’ இது என் போர்டில் ஓடுமா?

கடையில் கூட்டம். நான்கு பேர் ஒரே நேரத்தில் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்ததும் ஆறு கோர் ப்ராசஸரைக் காட்டி வாக்கியத்தைத் தடங்கல் இல்லாமல் சொன்னேன். சொன்ன சந்தோஷத்தில் மூச்சு விடாமல் அடுத்ததையும் கேட்டேன்: ஓடாவிட்டால் திங்கட்கிழமை திருப்பித் தரலாமா?

கடைக்காரர் தலையை ஆட்டி, “சாலேல்,” என்றார்.

ஓடும் என்று சொல்லிவிட்டார். பட்டியல் பையிலேயே இருந்தது.

பதினொன்றரைக்குத் திரும்பி, படித்த முறைப்படியே மாற்றினேன். ப்ராசஸருக்கும் விசிறிக்கும் நடுவே சூடு கடத்தும் பழைய பேஸ்ட் இளகக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, விசிறியைத் திருகி எடுத்து, அடியில் இருந்த நூற்றுக்கணக்கான ஊசிகளில் ஒன்றுகூட வளையாமல் புதியதை இறக்கினேன். தானாகவே உட்கார்ந்தது. பொத்தானை அழுத்தினேன். விசிறிகள் சுற்றின, விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பு.

மூன்று முறை கழற்றி மாட்டிப் பார்த்தேன். கறுப்பு.

அவள் இரண்டு மணிக்கு வந்தபோது நான் தரையில் பாகங்களுக்கு நடுவே இருந்தேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “என்ன ஆச்சு?”

“ஓடும்னுதான் சொன்னாரு. சாலேல்னு தெளிவாச் சொன்னாரு.”

“நீ என்ன கேட்டே? கேட்ட மாதிரியே சொல்லு.”

இரண்டு கேள்வியையும் சொன்னேன். அவள் நெற்றியில் கை வைத்தாள். பிறகு பில்லில் இருந்த எண்ணுக்குப் போன் செய்து, மராத்தியில் ஏதோ கேட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அவரு சாலேல் சொன்னது ரெண்டாவது கேள்விக்காம். திங்கக்கெழம திருப்பித் தரலாம், சரின்னு. முதல் கேள்விக்கு அவரு பதிலே சொல்லல. ‘என் போர்டு, என் போர்டுன்னாரு தாயி, எந்த போர்டுன்னு சொல்லவே இல்ல’ங்கறாரு.”

சால் என்றால் நட, ஓடு. அதில் இருந்து நான் ‘ஓடும்’ என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் இந்த ஊரில் சரி, பரவாயில்லை, ஆகட்டும் எல்லாமே அந்த ஒரு வார்த்தைதான். டீயில் சர்க்கரை குறைவா? சாலேல். நாளைக்கு வரட்டுமா? சாலேல். தினமும் கேட்கிற வார்த்தை. இலக்கணம் பார்த்துப் பொருள் கொண்டது நான் ஒருவன்தான் போலிருக்கிறது. போர்டின் பெயர் வட்டம் போட்ட தாளில், என் நெஞ்சின் மேலேயே இருந்தது.

இப்போது அந்தத் தாளைப் பார்த்து அவள் போனில் போர்டின் பெயரையும் கடைசிக் கட்டத்து எண்ணையும் வாசிக்க, கடைக்காரர் விளக்கினார். போர்டுக்குள் பயாஸ் என்று ஒரு சிறிய நிரல் இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் முதலில் விழித்து, உட்கார்ந்திருக்கும் ப்ராசஸர் யார் என்று பார்ப்பது அதுதான். அந்த எண், புதிய ப்ராசஸருக்கு வேண்டிய அதன் பதிப்பு. எங்களுடையது பழைய பதிப்பு, புதியவரை அதற்கு அடையாளம் தெரியாது. பழைய ப்ராசஸரைத் திரும்ப மாட்டி, பென்டிரைவ் வழியாக அந்தப் பதிப்பை ஏற்றிவிட்டு, பிறகு புதியதை மாட்ட வேண்டும்.

உற்பத்தியாளர் பக்கத்தில் அந்தப் பதிப்பைப் போனில் தேடி எடுத்தேன். அதன் அடியில் இருந்த சிறிய எழுத்தை இந்த முறை இரண்டு தடவை படித்தேன். ஏற்றும்போது மின்சாரம் போனால் போர்டு போய்விடும். ஏற்றிய பிறகு, எங்களுடையதைப் போன்ற பழைய ப்ராசஸர்களை அது அடையாளம் காணாது. முந்தைய பதிப்புக்குத் திரும்பவும் முடியாது.

அவளுக்கு எடுத்துச் சொன்னேன். “பழசையே வச்சுக்கிட்டா நாளைக்கு மெஷின் கண்டிப்பா ஓடும். ஆனா ஒறையும். இத ஏத்தினா நல்லா ஓடலாம். இல்லன்னா மொத்தமாப் போயிரும். நீதான் சொல்லணும்.”

அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“உறைஞ்சாலும் என்ன எடுத்துடுவாங்க. ஓடலன்னாலும் எடுத்துடுவாங்க. ரெண்டும் சேம் நா? ஏத்து.”

பழைய ப்ராசஸரைத் திரும்ப மாட்ட அதன் பேஸ்ட்டைத் துடைக்கும்போது கேட்டேன். “பொண்ணு பாக்க வந்தன்னைக்கு, மாப்பிள்ள பிடிச்சிருக்கான்னு உங்கம்மா கேட்டதுக்கு நீ சாலேல்னுதான சொன்னே? அது எந்த சாலேல்?”

“அத இப்போ கேக்கறியா? அது மூணாவது கேள்விக்கு.”

“மூணாவது என்ன?”

“அம்மா இன்னொரு தட்டு பஜ்ஜி வைக்கட்டுமான்னு கேட்டாங்க. வேல பாரு.”

ஏற்ற ஆரம்பித்ததும் ஃப்ரிட்ஜை அணைத்தோம். ஏன் என்று தெரியாது, தோன்றியது. திரையில் கோடு நகர்ந்தது. முழுதாகி, அணைந்தது. புதியதை மாட்டிப் பொத்தானை அழுத்தினேன். கறுப்பு. விசிறிகள் சுற்றின, நின்றன, மறுபடி சுற்றின. முதல் முறை நேரமாகும் என்று படித்திருந்தேன், ஆனால் எவ்வளவு என்று எவரும் எழுதவில்லை. நான் பொத்தானை நோக்கிக் கை நீட்ட, அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். பிடித்தபடியே இருந்தாள். திரையில் எழுத்து வந்தது. ஆறு கோர் என்றும் இருந்தது. அவள் கத்தியதில் எதிர்வீட்டு அம்மா கதவைத் தட்டி, என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று ஆட்டங்கள். நான் அவளுக்குப் பின்னால் மோடாவில் உட்கார்ந்து, ஆட்டத்தைப் பார்க்காமல் மூலையில் ஓடும் வேக எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் ஆட்டத்தில் வென்றார்கள், இரண்டாவதில் தோற்றார்கள். மூன்றாவதில் கடைசிக் கதவு. படம் உறையவில்லை. அவள் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் இடப்பக்கம் பார்த்தாள். எதிராளி வலப்பக்கம் நின்றிருந்தாள். அதோடு ஆட்டமும் போயிற்று.

ஸ்பீக்கரில் அணித்தலைவி இந்தியில் கேட்டது எனக்கும் கேட்டது. “மறுபடியும் உறைஞ்சிடுச்சா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

“இல்ல. மெஷின் சரியா இருக்கு. நான்தான் தப்பான பக்கம் பாத்தேன்,” என்றாள்.

தலைவி சொன்னாள்: “சரி. புதன்கிழமை ஏழு மணிக்கு வா. கதவு மட்டும்தான் பிராக்டிஸ். தோத்ததுக்கு எல்லாரும் வரணும், நீ முதல்ல.”

நான் பால் காய்ச்ச உள்ளே போனேன். அவள் பின்னாலேயே வந்து சமையலறை வாசலில் நின்று, தலையை வலம், இடம், மறுபடி வலம் என்று திருப்பிப் பார்த்தாள்.

“கொஞ்சம் நகரு,” என்றாள். “நீ வலது மூலைல நிக்கறே. அங்கதான் அவ நின்னா.”