கீழறைக்கு வந்த சூடு

இதய அறுவைச் சிகிச்சை முடிந்து என் கணவரை வீட்டுக்கு அனுப்பும்போது, படியேறக் கூடாது, ஆனால் தினமும் நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கீழே சாமியறையில் கட்டிலைப் போட்டேன். ரொக்ஸ்பரோ என்ற இந்தக் குளிர் ஊரில் எங்கள் வீடு பழையது. நிலத்துக்குக் கீழே பேஸ்மென்டில் இருந்து வீட்டைச் சூடாக்கும் பொயிலர் மேல்மாடிக்குச் சூட்டை அள்ளிக் கொடுக்கும். கீழறைக்குக் கிள்ளித்தான் கொடுக்கும். குளிருக்குப் பயந்து மனுசன் போர்வையை விட்டு வெளியே வரவே மாட்டார். நடக்காமல் கிடந்தால் என்ன ஆகுமோ என்று எனக்குக் கவலை.

சூட்டை அளந்து பொயிலரை ஓட்டும் புதுத் தெர்மோஸ்டாட் வாங்கினேன். சுவரில் ஒரு பெட்டி, அதோடு தீப்பெட்டி அளவில் ஒரு உணரி. உணரி இருக்கும் அறையின் குளிரைப் பார்த்துத்தான் பொயிலர் ஓடும். ஆள் பிடித்துப் பூட்டியிருக்கலாம், ஆனால் எனக்குப் பொறுமை மருந்துக்கும் இல்லை. மின்சாரத்தை நிறுத்தி, பழைய வயர்களைப் படம் எடுத்துவைத்து, நானே பூட்டினேன். பொயிலர் உறுமியதும் எனக்கு என்மேலேயே மரியாதை வந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும், கார்ச் சாவியோ கடவுச்சீட்டோ, முதலில் சாமித்தட்டுக்குத்தான் போகும். உணரிக்கும் சந்தனப் பொட்டு வைத்துப் பிள்ளையார் காலடியில் வைத்தேன். அதே அறைதானே, அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று பின்னேரம் அவருக்காக நேர்ந்து ஐந்து திரி போட்டு விளக்கேற்றினேன். சமைத்து முடிப்பதற்குள் அவர் நடுங்கத் தொடங்கியிருந்தார். குசினி வெக்கையில் நின்ற எனக்கு அறை குளிர்ந்தது தெரியவில்லை. உணரி அளக்கும் சூடு போனில் தெரியும்; எடுத்துப் பார்த்தேன்.

"இருபத்தெட்டு காட்டுது. இதுக்கு மேலை என்னப்பா குளிர்? உங்களுக்கு மனப்பயம்."

"ஓம்" என்று போர்வையை இழுத்துக்கொண்டார்.

மறுநாள் பின்னேரமும் அப்படியே; போனிலோ சூட்டுக்குக் குறைவில்லை. காய்ச்சல் பார்த்தேன், இல்லை. காயத்தில் கிருமி போய்விட்டதோ என்று பயந்தேன். இன்னும் இரண்டு திரி கூட்டினேன். மூன்றாம் நாள் அவருடைய விரல்கள் விறைத்துக் கிடந்தன. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்பி வருவாரோ என்று அழுதுகொண்டே அம்புலன்சுக்கு அடிக்கப் போனை எடுத்தேன்.

"இஞ்சரும், அந்தச் சின்னச் சாமானை எங்கை வைச்சனீர்?" என்றார் போர்வைக்குள்ளிருந்து.

"சாமித்தட்டிலை."

"விளக்குக்குப் பக்கத்திலையோ?"

தொட்டுப் பார்த்தேன். உணரி நன்றாகச் சூடேறிக் கிடந்தது. விளக்கு ஏற்றியதும் அறையே வெந்துவிட்டது என்று நினைத்துப் பொயிலர் நின்றிருக்கிறது. அவருக்காக வைத்த ஒவ்வொரு திரியும் அவரைத்தான் விறைக்க வைத்திருக்கிறது. வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பிள்ளையாருக்குக் குளிரேல்லை. எனக்குத்தான்" என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். தையல் இழுத்திருக்க வேண்டும். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இன்னும் சிரித்தார். உணரியை அவர் தலைமாட்டில் வைத்தேன். பேஸ்மென்டில் பொயிலர் எழும்பிய சத்தம் கேட்டது.

"அறை கொஞ்சம் சூடாகட்டும்" என்றார். "குசினி வரைக்கும் நடந்து பாப்பம். கையைப் பிடியும்."