பிரான்ஸ் அக்காவின் கழுத்துப்பிடி

பிரெஞ்சுக்கார ஜூடோ சாம்பியன் அவர், ஆனால் எங்கள் ஜூடோ ஷெட்டில் யாரும் அவரைப் பெயர் சொல்வதில்லை. பிரான்ஸ் அக்கா, அவ்வளவுதான். வீட்டில் அடங்காத பிள்ளை என்று அவரை ஜூடோவில் சேர்த்துவிட்டது, ஜெயித்தது, முழங்கால் போனது, இனிமேல் எழவே மாட்டார் என்றவர்கள் முன்னால் திரும்பி வந்து மறுபடி ஜெயித்தது, எல்லாம் எனக்கு மனப்பாடம். அங்கே அவர் ரொட்டிக் கடைக்குப் போனாலே பிள்ளைகள் மொய்த்துக்கொள்கிறார்கள். ராஜபாளையத்தில் மட்டும் என்ன? என் போனைத் திறந்தால் அவர் முகம்தான். அவருடைய கழுத்துப்பிடி வீடியோவை இட்லி சாப்பிடும்போதுகூடப் பார்ப்பேன். எதிராளியின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கை அக்குள் வழியாக வந்து காலரைத் தளர்த்தும். மறுகை கழுத்தைச் சுற்றி அதே காலரை இழுக்கும். எதிராளியின் கால்கள் தளரும். அரங்கம் எழுந்து கத்தும். நானும்தான்.

பிடி தாங்கவில்லையென்றால் மெத்தையைக் கையால் தட்ட வேண்டும், தட்டினால் உடனே விட வேண்டும். அதுதான் விதி. ஆனால் எங்கள் மெத்தை மில் கழிவுப் பஞ்சை அடைத்துத் தார்ப்பாயில் தைத்தது. அதில் தட்டினால் சத்தம் எங்கே வரும்? "ஏட்டி, விடுட்டி, போதும்!" என்று வாயால்தான் கத்துவோம். அப்படியே பழகிவிட்டோம்.

மாவட்டத் தேர்வுப் போட்டி ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. என்னோடு மோதியவள் என்னைவிடச் சின்னவள். இருவரும் விழுந்து புரண்டதில் என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். அக்குள் வழியாக ஒரு கை வந்தது. அடுத்த கை எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். வந்தது. இவளும் பிரான்ஸ் அக்காவைப் பார்த்துப் பழகியவள்!

கத்த வாயைத் திறந்தேன். குரல் இல்லை.

நடுவர் குனிந்து பார்த்தார். தாக்குப்பிடிக்கிறேன் என்று நினைத்திருப்பார். "விட்றாதட்டி, தாங்கு!" என்று ஓரத்திலிருந்து என் தோழி வேறு கத்துகிறாள். காதுக்குள் மில் ஓடுவது போல இரைச்சல். விளக்குகள் ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டு வந்தன. அடுத்தது கால்கள் தளரும். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! அப்போது கீழே கிடப்பவளின் கை என்ன செய்கிறது என்று மட்டும் பார்த்ததே இல்லை. என் கை அவள் சட்டையைக் கவ்விக்கொண்டிருந்தது. விடு என்று மனதுக்குள் கைக்குச் சொன்னேன். கேட்கவில்லை. இத்தனை பேர் பார்க்க, ஒருவருக்கும் தெரியாமல், செத்துப்போவேன் என்று நினைத்தேன்.

எப்படியோ விரல்கள் கழன்றன. அடித்தேன். அது ரப்பர் மெத்தை. பட் பட்டென்று மண்டபம் முழுக்கக் கேட்டது.

அவள்தான் என்னை நிமிர்த்தி உட்காரவைத்தாள். "செத்த முன்னாடியே தட்டிருக்கலாம்லாக்கா? நான் பயந்தே போயிட்டேன்." என் காலரை இழுத்துச் சரிசெய்துவிட்டாள். பிறகு, "அவிய மாதிரியே பிடிச்சேன்லா?" என்று ஆசையாகக் கேட்டாள். தலையைத்தான் ஆட்ட முடிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டிலிருந்த தோழி பின்னாலிருந்து என் தோளில் கை போட்டாள். "போட்டும்ட்டி, அடுத்த வருசம் பாத்துக்கலாம்." கை கழுத்தோரம் பட்டதுதான் தாமதம், என் உள்ளங்கை முன்சீட்டுக் கம்பியைப் படபடவென்று அடித்தது.

"யாரும்மா அது? ஸ்டாப்பு இன்னும் வரல" என்றார் கண்டக்டர். பஸ் சிரித்தது. தோழி சிரிக்கவில்லை, கையை எடுத்துக்கொண்டாள்.

"எனக்கு முன்னால வந்து உக்காருட்டி" என்றேன்.